வீட்டுப் படங்களின் ஸ்லைடுஷோ: லேப்டாப்பில் மங்கல், போனில் இழுவை, என்ன அளவு வைப்பது?

வளவுவீடு:

வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் ஐயா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. பங்காளிகள் எல்லாரும் ஒருவழியாகச் சம்மதித்து, நாலு அறையைத் தங்க வருகிறவர்களுக்கு விடலாம் என்று முடிவாகியிருக்கிறது. வெப்சைட் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. வேர்ட்பிரஸ் என்ற, வெப்சைட் கட்டும் மென்பொருளில் செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் திரை முழுக்க ஒரு ஸ்லைடுஷோ ஓட வேண்டும் என்பது எல்லாருடைய ஆசை. முகப்பு, திண்ணை, வளவு (நடு முற்றமும் சுற்றுக்கூடமும்), பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை, இரண்டாம் கட்டு, நிலைக்கதவு என்று முப்பது படம் சேர்ந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து ஒருவர் வந்து நல்ல கேமராவில் எடுத்துக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் 6000-க்கு 4000 பிக்சல், ஃபைல் ஒன்று 9, 10 எம்பி.

படத்தைத் தனியாகத் திறந்து பார்த்தால் நிலைக்கு மேலே செதுக்கியிருக்கும் கஜலட்சுமியின் கை வளையல்கூடத் தெரிகிறது. அதே படம் ஸ்லைடுஷோவில் வரும்போது லேப்டாப்பில் மங்கிப்போகிறது, போதாததற்கு கஜலட்சுமிக்குத் தலையும் இல்லை, மேலே வெட்டுப்படுகிறது. போனில் பார்த்தால் முதல் படம் வருவதற்குள் ஆள் வேறு பக்கம் போய்விடுவார், வந்த பிறகும் வளவின் நடுத்துண்டு மட்டும்தான் தெரிகிறது, இரண்டு பக்கத் தூண்களையும் காணோம். நிலைக்கதவை நெட்டுக்குத்தாக எடுத்த படங்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை. டைல்ஸ் படங்களில் சிவப்புக் கோடு பக்கத்துக் கட்டத்துக்குள் கசிகிற மாதிரி இருக்கிறது. பினாங்கில் இருக்கும் சித்தப்பா பார்த்துவிட்டு, நம் வீட்டுத் தரை இவ்வளவு வெளிறியா இருக்கும் என்று கேட்கிறார்.

ஸ்லைடுஷோவை ஓட்டும் துணைநிரலான ஸ்லைடரின் அமைப்பில் படத்தரம் 82 என்று இருந்ததை 100 ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. அளவு எவ்வளவு, தரம் எவ்வளவு, எந்த ஃபார்மட் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.


நிழல்படம்:

300 டிபிஐயில் இருக்கும். எல்லாவற்றையும் 72 டிபிஐக்கு மாற்றி, தரம் 60 வைத்து மறுபடி ஏற்றுங்கள். இணையத்துக்கு எப்போதும் 72தான். வேலை முடிந்தது.


ரஸ்தாக்காரன்:

மேலே சொல்லியிருப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த 72 டிபிஐ கதை இன்னும் எத்தனை வருடம் ஓடுமோ. டிபிஐ என்பது காகிதத்தில் அச்சடிக்கும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி போட வேண்டும் என்று ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். பிரவுசர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அந்த எண்ணை மட்டும் 300-லிருந்து 72 ஆக்கினால், அதே 6000 பிக்சல், அதே 10 எம்பிதான் இருக்கும். தரத்தை 60-க்கு இறக்குவதும் இப்போது வேண்டாம். மங்கலுக்குக் காரணம் தரம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வளவுவீடு, ஒன்று செய்து பாருங்கள். லேப்டாப்பில் ஸ்லைடுஷோ ஓடும்போது படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, படத்தைப் புது டேபில் திறக்கச் சொல்லுங்கள். (அந்த வசதி வரவில்லை என்றால் இன்ஸ்பெக்ட் போட்டுத் தேட வேண்டியிருக்கும், அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அதுவே ஒரு தடயம்.) திறந்த படத்தின் ஃபைல் பெயர் கடைசியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 1024x683 என்று இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

விஷயம் இதுதான். நீங்கள் ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதிலிருந்து பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளும். 150, 300, 768, 1024, 1536, 2048 என்று. 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலுக்கு மேல் எது வந்தாலும் 2560-க்குச் சுருக்கி, பெயரில் ஸ்கேல்டு என்று ஒட்டி, அதைத்தான் முழு அளவு என்று காட்டும். உங்கள் 6000 பிக்சல் அசல் சர்வரில் சும்மா கிடக்கும், இடத்தை அடைத்துக்கொண்டு. இதில் லார்ஜ் என்று பெயர் வைத்திருப்பது 1024 பிக்சல் அளவுக்கு. பெயரைப் பார்த்து ஏமாந்து, நிறைய ஸ்லைடர்கள் அதையே இயல்பாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கின்றன. 1920 பிக்சல் அகலத் திரைக்கு 1024 பிக்சல் படம் போனால் பிரவுசர் என்ன செய்யும், இழுத்து நிரப்பும். ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்த தோசை மாதிரிதான் வரும்.

தரத்தை 100 ஆக்கியும் மாறாததற்குக் காரணம், அந்த எண் இனிமேல் உருவாக்கப்போகும் பிரதிகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே செய்து வைத்தவற்றைத் தொடாது. பழையதும் மாற வேண்டுமென்றால் தம்ப்நெயில்களை, அதாவது அந்தப் பிரதிகளை, மறுபடி உருவாக்கும் ப்ளகின் (துணைநிரல்) ஒன்றைப் போட்டு ஓட்ட வேண்டும். ஆனால் 100 வேண்டவே வேண்டாம். ஃபைல் இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 82 என்பது வேர்ட்பிரஸ்காரர்கள் 2016-இல் 90-லிருந்து யோசித்து இறக்கிய எண், மோசமில்லை.


வளவுவீடு:

அப்படியே 1024x683 என்றுதான் இருந்தது! ஸ்லைடர் அமைப்பில் லார்ஜ் என்பதை ஃபுல் என்று மாற்றினேன், லேப்டாப்பில் பளிச்சென்று ஆகிவிட்டது, தூணில் இருக்கும் கோடு கோடான கடைசல் வேலை வரைக்கும் தெரிகிறது. ரொம்ப நன்றி அண்ணே.

ஆனால் போன்? முன்னைவிட மோசம். முதல் படத்துக்கே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் வீட்டுக்குள் டவர் எப்படி எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், சுவர் கனம் அப்படி. அப்புறம் வெட்டுப்படுவதும் டைல்ஸ் கசிவதும் அப்படியே இருக்கிறது.


ரஸ்தாக்காரன்:

எதிர்பார்த்ததுதான். இப்போது முப்பது படமும் 2560 அகலத்தில் போகின்றன. டைல்ஸ் மாதிரி நுணுக்கம் நிறைந்த படம் அந்த அளவில் 1 எம்பியைச் சாதாரணமாகத் தொடும். ஸ்லைடர் எல்லாப் படத்தையும் முதலிலேயே கேட்டு வாங்கினால், யாரோ ஒருவர் முகப்பைப் பார்க்க வந்தவர் இரண்டாம் கட்டு வரைக்கும் சேர்த்து 25, 30 எம்பி இறக்க வேண்டியிருக்கிறது.

இதில் இரண்டு தனித்தனி வேலை. முதல் வேலை, போனுக்குப் போனின் அளவில் படம் போவது. போன் திரையின் அகலம் பிரவுசர் கணக்கில் 360, 390 என்றுதான் இருக்கும், ஆனால் அந்த ஒவ்வொன்றுக்கும் உள்ளே மூன்று பிக்சல் வரை இருப்பதால் 1080 முதல் 1170 பிக்சல் அகலம் இருந்தால் போதும், அதற்கு மேல் அனுப்புவது வீண். வேர்ட்பிரஸ் 2015-லிருந்தே இதைத் தானாகச் செய்கிறது: சோர்ஸ்செட் என்று ஒரு பட்டியலை படத்தோடு எழுதி வைக்கும், அதைப் பார்த்து பிரவுசரே தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளும். ஆனால் படம் சாதாரணப் படமாகப் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். சில ஸ்லைடர்கள் படத்தை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், பின்னணியாகப் போடுகின்றன. அப்படிப் போட்டால் அந்தப் பட்டியலே கிடையாது, போனுக்கும் அதே 2560தான். ரைட் கிளிக்கில் படத்தைத் திறக்க முடியாவிட்டால் அது தடயம் என்று அதனால்தான் சொன்னேன். உங்களுக்குத் திறந்தது என்றால் உங்கள் ஸ்லைடர் பின்னணி வகை இல்லை. அப்படியானால் ஸ்லைடர் அமைப்பில் ரெஸ்பான்சிவ் படங்கள் என்று ஏதாவது ஒரு பொத்தான் அணைந்து கிடக்கும், தேடிப் பாருங்கள்.

இரண்டாவது வேலை, வரிசையாக இறக்குவது. லேஸி லோடு என்று இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள், ஆனால் முதல் படத்துக்கு மட்டும் கூடாது. அங்கேயும் போட்டுவிட்டு, பக்கம் திறந்ததும் கறுப்பாக நிற்கிறதே என்று வந்து கேட்பவர்கள் அதிகம். முதல் படம் உடனே, அடுத்தது பின்னாலேயே, மற்றவை முறை வரும்போது.

அப்புறம், முப்பது படம் ஸ்லைடுஷோவில் எதற்கு? யாரும் எட்டாவது படத்தைத் தாண்டுவதில்லை என்பது என் கருத்து. முதல் பக்கத்தில் ஆறோ ஏழோ வையுங்கள், மீதியைத் தனிப்பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு, தொட்டால் பெரிதாகிற மாதிரி செய்யுங்கள். பங்காளிகளைச் சமாளிப்பது உங்கள் பாடு.

ஃபைல் எடை மட்டும் இல்லை, நினைவகமும் ஒரு கணக்கு. ஜேபெக்காக 10 எம்பி இருக்கும் 6000-க்கு 4000 படத்தைத் திரையில் காட்ட விரித்தால், பிக்சலுக்கு நாலு பைட் வீதம் 96 எம்பி ஆகும். வேர்ட்பிரஸ் இல்லாமல் கையால் எழுதிய பக்கங்களில் அசலையே நாலைந்து போட்டால் சாதாரண போன் திணறுவது இதனால்தான். 1920-க்கு 1280 என்றால் அதே கணக்கில் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். ஜேபெக் ஃபைலை எவ்வளவு அமுக்கி 300 கேபி ஆக்கினாலும் பிக்சல் எண்ணிக்கை அதேதான் என்றால் விரிந்த பிறகு அதே சுமைதான்.


கேமராப்பெட்டி:

தம்பி, நான் காரைக்குடியில்தான் இருக்கிறேன், உங்கள் வீட்டுப் படத்தை எடுத்தது நானில்லை, ஆனால் இந்த மாதிரி வீடுகள் நிறைய எடுத்திருக்கிறேன். அளவைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. வெட்டுவதைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

கேமராவின் படம் 3-க்கு 2 என்ற விகிதம். லேப்டாப் திரை 1920-க்கு 1080, அதில் பிரவுசரின் மேல்பட்டை கீழ்ப்பட்டை போனால் உயரம் சுமார் 950 மிஞ்சும். உங்கள் படத்தை 1920 அகலத்துக்கு நிரப்பினால் உயரம் 1280 வரும். ஆக 330 பிக்சலை எங்காவது கழிக்க வேண்டும். ஸ்லைடர் நடுவில் வைத்து மேலே பாதி, கீழே பாதி வெட்டுகிறது. கஜலட்சுமி நிலைக்கு மேலே இருக்கிறாள், அவள் தலை போகாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு படத்துக்கும் ஃபோக்கல் பாயின்ட் அல்லது பொசிஷன் என்று ஓர் அமைப்பு இருக்கும், அந்தப் படத்துக்கு டாப் என்று வையுங்கள், கீழே வாசற்படிதான் போகும். ஆனால் உண்மையான தீர்வு, திரை முழுக்க என்ற ஆசையை விடுவது. ஸ்லைடுஷோவின் பெட்டியையே 3-க்கு 2 ஆக வைத்துவிடுங்கள், எதுவும் வெட்டுப்படாது, எந்தத் திரையிலும்.

போனில் இந்தத் திரை முழுக்க ஆசை இன்னும் கெடுதல். நெட்டுக்குத்தான திரையை ஒரு படுக்கைப் படத்தால் நிரப்பினால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தெரியும். உங்கள் இரண்டு பக்கத் தூண்கள் போனது அப்படித்தான். அதோடு அந்த ஒரு பங்கைத் திரை உயரத்துக்கு இழுக்க வேண்டும் என்பதால் படமும் மங்கும். 1080 பிக்சல் போதும் என்று மேலே சொன்ன கணக்கு, படம் அகலத்துக்குப் பொருந்தி நிற்கும்போதுதான் சரி.

நெட்டுக்குத்தாக எடுத்த நிலைக்கதவுப் படங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அவற்றை 3-க்கு 4 ஆக க்ராப் செய்யுங்கள், அதாவது 2-க்கு 3 இருப்பதில் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து. அப்படி இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் 6-க்கு 4, அதாவது 3-க்கு 2 வந்துவிடும். கதவு ஒரு பக்கம், அதன் பித்தளைக் குமிழ் கிட்டத்தில் ஒரு பக்கம் என்று ஜோடி போட்டால் பார்க்கவே நன்றாக இருக்கும். ஒற்றைப் படமாகத்தான் வேண்டும் என்றால் கவர் (வெட்டி நிரப்புவது) என்பதற்குப் பதில் கன்டெய்ன் (முழுப் படமும் உள்ளே அடங்குவது) போட்டு, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு நிறம் வருகிற மாதிரி பின்னணி வையுங்கள். கறுப்பு வைக்காதீர்கள், துக்க வீட்டுப் படம் மாதிரி ஆகிவிடும்.

இப்போது டைல்ஸ். ஜேபெக் ஒரு படத்தை வெளிச்சம், நிறம் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம்தான் கூர்மையாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது என்று, நிறத்தை மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்று என்று சேமிக்கும். இதற்குக் குரோமா சப்சாம்ப்ளிங் என்று பெயர், 4:2:0 என்று எழுதுவார்கள். முகம், மரம், வானம் இதற்கெல்லாம் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புப் பூ, பக்கத்திலேயே பச்சை, அதை ஒட்டி மஞ்சள், நடுவில் மெல்லிய எல்லைக்கோடு. கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு வண்ண சிமென்ட்டைக் கையால் ஊற்றிச் செய்வது, அதனால்தான் ஒரு நிறம் முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்குகிறது. அந்த எல்லையில் நாலு பிக்சலுக்கு ஒரே நிறம் என்றால் சிவப்பு பக்கத்தில் கசியத்தான் செய்யும். அதிலும் சிவப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மருந்து சுலபம். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது கூடுதல் அமைப்புகளில் சப்சாம்ப்ளிங் என்று இருக்கும், 4:4:4 (ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம்) தேர்ந்தெடுங்கள். தரம் 85 போதும். ஸ்குவூஷ் என்ற இணையக் கருவியிலும் இந்த வசதி உண்டு, படம் உங்கள் பிரவுசரை விட்டு எங்கும் போகாது, அசலையும் சுருக்கியதையும் இரண்டு பக்கமும் வைத்து நடுக்கோட்டை நகர்த்திப் பார்க்கலாம், கற்றுக்கொள்ள அதுதான் நல்ல இடம். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், டைல்ஸ் படங்களுக்கு மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள். அகலம் 2400 வைத்தால் 2560 வரம்புக்குள் இருப்பதால் வேர்ட்பிரஸ் அதைச் சுருக்காமல் நீங்கள் கொடுத்தபடியே முழு அளவாக வைத்துக்கொள்ளும். சின்னப் பிரதிகளை அது தானாகச் செய்யும்போது இந்த சப்சாம்ப்ளிங் நம் கையில் இருக்காது, ஆனால் போன் திரையில் அது அவ்வளவாக உறுத்தாது.

சுருக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் செய்ய வேண்டும், சுருக்குவதற்கு முன்பு இல்லை. டைல்ஸ் தரையை ஓரத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் அதில் ஷார்ப்பனைக் குறையுங்கள். தூரத்தில் கட்டங்கள் நெருங்க நெருங்க உண்மையில் இல்லாத ஒரு கோலம் அலை அலையாகத் தோன்றும், மோய்ரே என்பார்கள். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தை எடுத்தாலும் இதே தொல்லைதான்.

நிறம் வெளிறியது பற்றி. உங்கள் போட்டோகிராபர் அடோபி ஆர்ஜிபி என்ற, அதிக நிறங்களை அடக்கும் நிறமுறையில் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அச்சுக்கு அது நல்லது. அந்தப் படத்தோடு ஒரு நிறக் குறிப்பு ஒட்டியிருக்கும், அது இருந்தால் பிரவுசர் சரியாகக் காட்டும். சர்வரில் பிரதி எடுக்கும்போது சில சமயம் அந்தக் குறிப்பு உதிர்ந்துபோகும், ஜிடி என்ற நிரல்தொகுதி ஓடுகிற சர்வரில் அப்படித்தான். குறிப்பு போனதும் பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் வழக்கமான நிறமுறை) என்று எடுத்துக்கொள்ளும், சிவப்பும் பச்சையும் செத்துவிடும். எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்னால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். மாற்று என்பதும் அசைன் என்பதும் வேறு. கன்வர்ட் என்று இருப்பதைத்தான் தொட வேண்டும், அசைனைத் தொட்டால் நீங்களே வெளிற வைத்த மாதிரி ஆகும்.


நிழல்படம்:

ஜேபெக்குக்குப் பதில் வெப்பி என்ற ஃபார்மட்டில் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே? 30 சதவீதம் குறையும் என்கிறார்கள்.


ரஸ்தாக்காரன்:

குறையும். ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறியது என்பது கூகுளே வெளியிட்ட கணக்கு. வேர்ட்பிரஸ்ஸும் 2021-இல் வந்த 5.8 முதல் ஏற்கிறது. முகப்பு, தூண், திண்ணைப் படங்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் தரம் குறைத்துச் சேமிக்கும் வெப்பி எப்போதும் 4:2:0தான், வேறு வழி வைக்கவில்லை. ஆகவே இந்த ஆத்தங்குடிச் சிவப்புக்கு அது சரிப்படாது. ஏவிஐஎஃப் என்ற இன்னொரு ஃபார்மட் 4:4:4-ஐத் தாங்கும், வேர்ட்பிரஸ் 6.5-லிருந்து எடுத்துக்கொள்கிறது, ஹோஸ்டிங் சர்வர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். டைல்ஸ் படங்களை ஜேபெக்காகவே விட்டுவிடுவது நிம்மதி. ஒரே ஸ்லைடுஷோவில் இரண்டு ஃபார்மட் கலந்து இருந்தால் பிரவுசருக்கு ஒன்றும் இல்லை.


ஆச்சிவீட்டுப்பிள்ளை:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் வளவுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பழைய ஸ்டுடியோ படங்கள் இருக்கின்றன, ரங்கூனில் எடுத்தவைகூட இருக்கின்றன. அதையும் ஸ்கேன் செய்து இப்படி ஓட விடலாம் என்று பார்க்கிறேன். டிபிஐக்கு மதிப்பே இல்லை என்றால் ஸ்கேனரில் என்ன வைப்பது?


கேமராப்பெட்டி:

ஸ்கேனரில் மட்டும் அது உயிரான எண். அங்கே ஒரு அங்குலக் காகிதத்திலிருந்து எத்தனை பிக்சல் எடுக்கலாம் என்று அது தீர்மானிக்கிறது. 4-க்கு 6 அங்குலப் படத்தை 300-இல் எடுத்தால் 1200-க்கு 1800 கிடைக்கும், 600-இல் எடுத்தால் 2400-க்கு 3600. 600-இல் எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபைலாகப் பத்திரப்படுத்திக்கொண்டு, இணையத்துக்கு அதிலிருந்து சுருக்கிய பிரதியைக் கொடுங்கள். சட்டத்திலிருந்து கழற்றும்போது கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள் ஆச்சி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். பிய்த்தால் முகம் கண்ணாடியில் போய்விடும். தம்பியாக இருந்தால் மன்னிக்கவும், பெயரைப் பார்த்துச் சொன்னேன்.


ஆச்சிவீட்டுப்பிள்ளை:

தம்பிதான். நன்றி அண்ணே.


பினாங்குப்பேரன்:

நான் அந்தச் சித்தப்பா இல்லை, ஆனால் நானும் அக்கரைதான், இந்த மாதிரி வீட்டு சைட்டுகளை அடிக்கடி பார்ப்பவன். பார்க்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு தெளிவாகப் போட்டாலும் மூன்று விநாடிக்கு ஒருமுறை படம் தானாக ஓடினால் எதையும் பார்க்க முடியாது. தூணிலிருந்து மேலே கண்ணை ஓட்டி, கூரைக்கு வருவதற்குள் அடுத்த படம் வந்து நிற்கிறது. தானாக ஓடுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஏழு எட்டு விநாடியாவது கொடுங்கள், விரலை வைத்ததும் நிற்க வேண்டும். அந்த மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே போகும் எஃபெக்டும் வேண்டாம், பெரிதாகப் பெரிதாக மங்கலும் கூடுகிறது.

தொட்டால் பெரிதாகத் திறக்கும் வசதி கட்டாயம் வேண்டும். என் அம்மா திரையில் இரண்டு விரலை வைத்து விரித்து, இது எந்த அறை, அந்த ஊஞ்சல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்லைடுஷோவுக்குள் விரலை வைத்தால் அடுத்த படத்துக்கு ஓடுகிறது.

அப்புறம் சித்தப்பாவுக்கு நீங்கள் சைட்டுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தால், அதைப் பார்த்துவிட்டுத் தரம் பேசுகிறாரா என்றும் கேளுங்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் அசல் போய்ச் சேரும்.


ரஸ்தாக்காரன்:

படம் மெதுவாகப் பெரிதாகும் எஃபெக்ட் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. 20 சதவீதம் பெரிதாக்கினால் படமும் அகலத்திலும் உயரத்திலும் 20 சதவீதம் அதிகப் பிக்சலோடு இருக்க வேண்டும், யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தொட்டுப் பெரிதாக்கும் படத்துக்கு 2400 போதும். 6000 பிக்சல் அசலைப் பொதுவில் வைக்காதீர்கள் வளவுவீடு. அச்சடிக்கிற தரத்தில் உங்கள் வீட்டுப் படம் யார் யார் காலண்டரிலோ வந்து நிற்கும். தவிர, பழைய நிலையும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். பூட்டிக் கிடக்கும் பக்கத்து அறைகளில் என்ன இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகக் காட்டுவானேன். போனில் எடுத்த படம் இருந்தால் அதற்குள் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

வேர்ட்பிரஸ் ஒதுக்கி வைத்த அந்த 6000 பிக்சல் அசல்களும் சர்வரில் இன்னும் இருக்கின்றன, முகவரியை ஊகித்தால் திறக்கும். பெயரிலிருக்கும் ஸ்கேல்டு என்ற ஒட்டை எடுத்தால் போதும். புதிதாகச் சுருக்கிய படங்களை ஏற்றியதும் பழையதை மீடியா பகுதியிலிருந்தே அழியுங்கள், அப்போதுதான் எல்லாப் பிரதியும் சேர்ந்து போகும்.


வளவுவீடு:

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி 2400 அகலத்துக்குச் சுருக்கினேன். டைல்ஸ் படங்கள் மட்டும் ஜேபெக், தரம் 85, 4:4:4. மற்றவை வெப்பி. பழையவற்றை அழித்தாகிவிட்டது. ஸ்லைடுஷோவில் ஏழு படம்தான், பெட்டி 3-க்கு 2, தானாக ஓடுவது நிறுத்தப்பட்டது. ரெஸ்பான்சிவ் பொத்தான் ஸ்லைடரின் அட்வான்ஸ்டு பகுதியில் அணைந்துதான் கிடந்தது. போனில் இப்போது முதல் படம் உடனே வருகிறது, வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தாலும். சிவப்பு கசிவது நின்றுவிட்டது, கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெளிவாக இருக்கிறது. நிலைக்கதவை ஜோடியாகப் போடும் யோசனை பெரியவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏழு படத்தில் தன் பக்கத்து அறை இல்லை என்று ஒரு பெரியப்பா கோபத்தில் இருக்கிறார், அது தனி.

ஒன்றே ஒன்று மட்டும் புரியவில்லை. சித்தப்பாவுக்கு இன்னும் மூன்றாவது படம் பழைய மாதிரி வெளிறித்தான் தெரிகிறதாம், எனக்கு நன்றாக இருக்கிறது. மற்ற படங்கள் அவருக்கும் சரியாகிவிட்டன.


ரஸ்தாக்காரன்:

மூன்றாவது படத்தை மட்டும் பழைய அதே பெயரில் ஏற்றியிருப்பீர்கள். அவருடைய பிரவுசர் முன்பு இறக்கிய ஃபைலையே வைத்துக் காட்டுகிறது, நடுவில் ஏதாவது சிடிஎன் (படங்களின் நகலை வைத்திருந்து அனுப்பும் இடைச் சர்வர்) இருந்தால் அதுவும் சேர்ந்து பழையதைக் கொடுக்கும். பிரவுசர் அப்படிச் சேர்த்து வைத்திருக்கும் கேஷை அழிக்கும்படி அவரிடம் சொல்லிப் போனில் மல்லுக்கட்ட வேண்டாம். பெயரில் ஒரு எழுத்தை மாற்றி மறுபடி ஏற்றுங்கள், வந்துவிடும்.